எலும்புக்குத் தூரக் கணக்கு தெரியாது

எங்கள் ஊரில் உடற்பயிற்சி என்றால் முதலில் சொல்வது கிரிவலத்தைத்தான். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்கு வெளியூர்க் கூட்டம் லட்சக்கணக்கில் வருகிறது. மற்ற நாட்களில் உள்ளூர்க்காரர்கள் விடியற்காலையில் கிளம்பி, இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் கும்பிட்டுவிட்டு டிபன் நேரத்துக்கு வீடு திரும்புகிறார்கள். "மாசா மாசம் மலை சுத்தறேன் சார், எலும்பெல்லாம் இரும்பு மாதிரி இருக்கு" என்று நம் வயதுக்காரர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். டாக்டர்களும் சீட்டின் அடியில் "வாக்கிங் போகவும்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள்.

நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது. மலையைப் பார்த்துக்கொண்டே நடப்பது மனசுக்கும் நல்லது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் எலும்பைக் கெட்டிப்படுத்த நடை மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்பதுதான் பதில். எலும்பு பலப்படுவது சுமையாலும், காலைத் தரையில் ஊன்றிக் குதிக்கும் அதிர்வாலும். எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்ற கணக்கு அதற்குத் தெரியாது. விளையாட்டு வீரர்களின் எலும்பை அளந்து பார்த்தவர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேலாக இதைத்தான் சொல்லி வருகிறார்கள். அது நம் காதில் சரியாக விழவில்லை. இதில் நமக்கு உள்ள நஷ்டத்தைவிட நம் பேத்திகளுக்கு உள்ள நஷ்டம் பெரியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எலும்பைப் பற்றி இரண்டு வார்த்தை. எலும்பைச் செங்கல் மாதிரி உயிரில்லாத பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது உயிருள்ள திசு. பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிதாகக் கட்டும் செல்கள் ஒரு பக்கம் என்று ஆயுள் முழுக்க வேலை நடக்கிறது. எலும்புக்குள்ளே புதைந்திருக்கும் இன்னொரு வகைச் செல்தான் மேஸ்திரி. எலும்பின் மேல் பாரம் விழுந்து அது மயிரிழை அளவு வளையும்போது, உள்ளே இருக்கும் திரவம் அசைகிறது. அந்த அசைவை உணர்ந்து "இங்கே கட்டு" என்று இந்த மேஸ்திரி உத்தரவு போடுகிறது. பாரமே விழாவிட்டால் "இங்கே இவ்வளவு தேவையில்லை" என்று கரைக்கச் சொல்லிவிடுகிறது. தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892-லேயே புத்தகமாக எழுதினார். விண்வெளிக்குப் போகிறவர்களைப் பாருங்கள். எடையே இல்லாத இடத்தில் மிதப்பதால், அவர்களுடைய இடுப்புப் பகுதி எலும்பு மாதத்துக்கு 1 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிடுகிறது. அவர்கள் நோயாளிகள் அல்ல. பொறுக்கி எடுத்த, நல்ல திடகாத்திரமான ஆட்கள்.

இந்த எலும்புத் தேய்வுக்குப் பெயர் வைத்தவர் ஸ்ட்ராஸ்பூர் நகரத்து மருத்துவர் லோப்ஸ்டைன். 1830-களில் அவர் எழுதிய சொல்தான் இன்று டாக்டர்கள் சொல்லும் ஆஸ்டியோபோரோசிஸ். துளை விழுந்த எலும்பு என்று அர்த்தம். கறையான் அரித்த உத்தரம் வெளியே பார்க்க முழுசாகத்தான் இருக்கும். ஒருநாள் பாரம் தாங்காமல் முறியும். இதுவும் அப்படித்தான். வலி கிடையாது, அறிகுறி கிடையாது. பாத்ரூமில் வழுக்கி விழும் அன்றுதான் தெரியும்.

இனி விளையாட்டு வீரர்களுக்கு வருவோம். 1971-இல் ஸ்வீடன் நாட்டில் நில்சன், வெஸ்ட்லின் என்ற இருவர், 60-க்கும் மேற்பட்ட வீரர்களின் தொடை எலும்பை அளந்தார்கள். பளு தூக்குகிறவர்கள் முதலிடம். அடுத்தது குண்டு, வட்டு எறிகிறவர்கள். பிறகு ஓட்டக்காரர்கள், கால்பந்துக்காரர்கள். கடைசியில் நீச்சல்காரர்கள். அந்த நீச்சல்காரர்களின் எலும்புக்கும், பயிற்சியே இல்லாத சாதாரண ஆட்களின் எலும்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! தினமும் மணிக்கணக்கில் கை கால் அடித்து நீந்துகிற உடம்பு அது. நுரையீரலும் இதயமும் தசையும் பிரமாதமாக இருக்கும். ஆனால் உடம்பைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் எலும்பின் மேல் பாரம் விழுவதில்லை.

சைக்கிள்காரர்கள் கதை இன்னும் ஆச்சரியம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தக் காலத்தில் எங்களுக்கு விளையாட்டு வீரர் என்றால் தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஐந்து முறை ஜெயித்த ஜாக் ஆன்கெத்தீல்தான். மூன்று வாரத்தில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து, ஆல்ப்ஸ் மலையும் பிரெனே மலையும் ஏறி இறங்கும் பந்தயம் அது. உலகத்திலேயே கடினமான உடற்பயிற்சிகளில் ஒன்று. அப்படிப்பட்ட தொழில்முறை சைக்கிள் வீரர்களின் முதுகெலும்பை அளந்தால், பலருக்கு அவர்கள் வயதுக்கு இருக்க வேண்டியதைவிட அடர்த்தி குறைவு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய இங்கிலாந்து வீரர் கிறிஸ் போர்டுமனுக்கு முப்பது வயது வாக்கில் எலும்புத் தேய்வு இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். ஹார்மோன் குறைவும் அவருக்கு இருந்தது. அதற்கான மருந்து விளையாட்டில் தடை செய்யப்பட்டது. 2000-இல் அவர் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார். சைக்கிளில் உட்கார்ந்த நிலையில் சீட் உடம்பைத் தாங்கிவிடுகிறது. தரையிலிருந்து எந்த அதிர்வும் முதுகெலும்புக்கு ஏறுவதில்லை. வியர்வையில் கொஞ்சம் கால்சியமும் போகிறது, செலவாகும் சக்திக்குச் சரியாகச் சாப்பிடவும் முடிவதில்லை.

மறுபக்கம் பளு தூக்குகிறவர்கள். நமக்குப் பக்கத்திலேயே வேலூர் சத்துவாச்சாரி இருக்கிறது. அந்த ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-இல் கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம். தன் எடையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஒரே தூக்கில் தலைக்கு மேலே போகிறது. பெண்களிலும் கர்ணம் மல்லேஸ்வரி 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம், மீராபாய் சானு டோக்கியோவில் வெள்ளி. இந்த விளையாட்டில் எலும்பு தானும் கெட்டிப்படாமல் தப்பிக்கவே முடியாது. ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளும் அப்படித்தான். உயரத்திலிருந்து தரையில் இறங்கும் அந்த ஒரு நொடியில் உடல் எடையைப்போல் பத்து மடங்கு வரை காலில் அறைகிறது. நடக்கும்போது விழுவது ஏறக்குறைய உடல் எடை அளவுதான். ஓடும்போது இரண்டு, மூன்று மடங்கு. வாலிபால், கூடைப்பந்து, கபடி மாதிரி குதித்து, திரும்பி, சட்டென்று நின்று ஆடும் ஆட்டங்கள் எல்லாம் எலும்புக்கு நல்ல தீனி.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. எலும்புக்கு அதிக நேரம் தேவையில்லை. 1984-இல் ரூபின், லான்யன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பறவையின் இறக்கை எலும்பில் இதைச் சோதித்தார்கள். ஒரு நாளைக்கு 4 முறை பாரம் கொடுத்தால் எலும்பு தேயாமல் நின்றது. 36 முறை கொடுத்தால் வளர்ந்தது. 1,800 முறை கொடுத்தபோது, 36 முறைக்கு வளர்ந்ததைவிடக் கூடுதலாக வளரவில்லை. அதாவது ஒரே மாதிரி பாரம் திரும்பத் திரும்ப விழுந்தால், கொஞ்ச நேரத்தில் அந்த மேஸ்திரிக்குக் காது மரத்துப்போய்விடுகிறது. சில மணி நேரம் ஓய்வு கொடுத்தால்தான் மறுபடி கேட்கும். 14 கிலோமீட்டர் என்றால் சுமார் 20,000 அடிகள். அத்தனையும் ஒரே மாதிரி, மெதுவான அடிகள். முதல் நூறு அடிக்குப் பிறகு எலும்பு கேட்பதை நிறுத்திவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மீதி நடை எல்லாம் இதயத்துக்கும் அண்ணாமலையாருக்கும்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றியவர். போன வருஷம் மழையில் வாசற்படி இறங்கும்போது வழுக்கி, இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்துவிட்டது. "இத்தனை வருஷம் சுத்தினேனே, அதுக்குப் பலன் இதுதானா?" என்று கேட்டார். என்ன சொல்வது? நடந்திராவிட்டால் இதயமோ சர்க்கரையோ முன்னாலேயே தொந்தரவு கொடுத்திருக்கலாம். பலன் இல்லாமல் போகவில்லை. ஆனால் அவரை எந்த டாக்டரும் ஒருநாளும் "எலும்புக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டதில்லை. டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னதும் இல்லை.

சரி, எழுபது வயதில் நாம் பளு தூக்க முடியுமா என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தியும் குறைந்திருந்த சுமார் நூறு பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேர் வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, நிஜமாகவே கனமான பளுவைத் தூக்கினார்கள். குதித்து இறங்கும் பயிற்சியும் செய்தார்கள். மறுபாதிப் பேர் வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தார்கள். எட்டு மாதம் கழித்து அளந்தபோது, பளு தூக்கியவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் கூடியிருந்தது. மற்றவர்களுக்கு 1 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. 3 சதவீதம் என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் பெண்களுக்கு ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் கரைகிறது. அதோடு ஒப்பிட்டால் அகவிலைப்படி மாதிரி, வந்தால் அருமை தெரியும்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே யாரும் சிமெண்ட் மூட்டையைத் தூக்கிவிடாதீர்கள். அந்தப் பெண்கள் சொல்லிக்கொடுக்க ஆள் வைத்து, படிப்படியாகத்தான் எடையைக் கூட்டினார்கள். ஏற்கெனவே முதுகெலும்பு நொறுங்கியவர்கள், எலும்பு மிகவும் தேய்ந்தவர்கள் குனிந்து எடை தூக்குவதும் குதிப்பதும் ஆபத்து. அவர்கள் டாக்டரையும் பிசியோதெரபிஸ்டையும் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது. மற்றவர்கள் வீட்டிலேயே ஆரம்பிக்கக் கூடியவை இருக்கின்றன. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, பிறகு தொம்மென்று தரையில் இறக்குவது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. மாடிப்படி ஏறுவது. ஒற்றைக் காலில் நிற்பது. ஒற்றைக் காலில் நின்றால் எலும்பு வளராது, ஆனால் விழாமல் இருக்கப் பழக்கும். விழாதவருக்கு எலும்பு முறிவதும் குறைவு. பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம் போடச் சொன்னார்களே, முழங்கால் ஒத்துழைத்தால் அதைவிடச் சுலபமான பயிற்சி எது? சன்னதியில் இப்போது இரண்டு முறை தலையைத் தட்டிக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம்.

சாப்பாட்டையும் வெயிலையும் விட்டுவிட முடியாது. கட்டச் சொல்லி உத்தரவு போனாலும் மணலும் ஜல்லியும் வர வேண்டுமே. நம் பக்கத்துக் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அந்தக் கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், அது தோலில் வெயில் பட்டு உண்டாக வேண்டும். நாமோ வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் மலை சுற்றுகிறோம். நிலா வெளிச்சத்தில் வைட்டமின் டி கிடைக்காது.

இவ்வளவும் நம் வயதுக்காரர்களுக்கு. ஆனால் நான் மிகவும் கவலைப்படுவது பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கும் பெண் பிள்ளைகளைப் பற்றி.

பென்ஷன்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். எலும்பு ஒரு பி.எஃப். கணக்கு. சிறு வயதில் போட்டால்தான் உண்டு. இருபது வயதை ஒட்டி டெபாசிட் ஏறக்குறைய முடிந்துவிடும். பிறகு எடுப்பதுதான், போடுவது சொற்பம். பெரிய டெபாசிட் விழுவது வளர்ச்சி வேகமெடுக்கும் இரண்டு வருஷங்களில். பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. ஆண் பிள்ளைகளுக்கு ஓரிரு வருஷம் தள்ளி. பெரியவர்களான பிறகு இருக்கப்போகும் எலும்பில் சுமார் கால் பங்கு அந்த இரண்டு வருஷத்தில் மட்டும் சேர்கிறது என்று கனடாவில் பிள்ளைகளை வருஷா வருஷம் அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

பின்லாந்தில் 1995-இல் டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இந்த ஆட்டங்களில் ஒரு வசதி. மட்டை பிடிக்கும் கைக்குத்தான் அடி விழுகிறது, மற்றக் கை சும்மா. சாப்பாடும் பரம்பரையும் வெயிலும் இரண்டு கைக்கும் ஒன்றுதான். ஆகையால் இரண்டு கை எலும்புக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க விளையாட்டு தந்தது. வயதுக்கு வருவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆட ஆரம்பித்தவர்களுக்கு அந்த வித்தியாசம், பதினைந்து வருஷம் கழித்து ஆரம்பித்தவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் இருந்தது. அதே ஆட்டம், அதே மட்டை. ஆரம்பித்த வயதுதான் வேறு.

நம் வீடுகளில் அந்த வயதில் என்ன செய்கிறோம்? பெண் பெரியவளானதும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பட்டுப்பாவாடை கட்டி, போட்டோ எடுத்து மண்டபத்தில் சாப்பாடு போடுகிறோம். மறுநாளிலிருந்து "இனிமே குதிக்கக்கூடாது, தெருவுல ஓடக்கூடாது" என்று சொல்லிவிடுகிறோம். எலும்பு வாயைத் திறந்து காத்திருக்கும் அந்த இரண்டு வருஷத்தில், கதவை நாமே சாத்துகிறோம். வீட்டில் இப்படி என்றால் பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிறார். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் மைதானம் இருப்பதே பிள்ளைகளுக்கு மறந்துவிடுகிறது. ஸ்கூட்டரில் ட்யூஷன், ட்யூஷனிலிருந்து வீடு.

பாண்டி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒற்றைக் காலில் கட்டத்துக்குக் கட்டம் தாவி, திரும்பி, குனிந்து சில்லை எடுத்து மறுபடி தாவும் ஆட்டம். ஆடுகிறவர் ஒருவர், மற்றவர்கள் நின்று தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். குதி, திசை மாறு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி குதி. எலும்பு ஆராய்ச்சிக்காரர் ஒருவரை உட்கார வைத்து, சிறுமிகளுக்கு ஒரு பயிற்சி எழுதிக் கொடுங்கள் என்றால் ஏறக்குறைய இதைத்தான் எழுதித் தருவார். ஸ்கிப்பிங் கயிறும் அப்படியே, கோ-கோவும் அப்படியே. ஒரு துண்டு ஓடு, ஒரு கரித்துண்டு போதும். செலவே இல்லாத இந்த ஆட்டத்தைத் தெருவிலிருந்து விரட்டியவர்கள் நாம்தான். முதலில் வண்டிகளால், பிறகு "பொம்பளப் பிள்ளைக்கு என்ன ஆட்டம்" என்ற பேச்சால்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விளையாடும் பெண்ணுக்குச் சாப்பாடு குறைந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். நீண்ட தூரம் ஓடும் பெண்களில் சிலர் உடம்பு இளைக்க வேண்டும் என்று அரை வயிறு சாப்பிட்டு, மாதவிடாயே நின்றுபோய், இருபது வயதில் எலும்பு விரிசலோடு வருகிறார்கள். ஒலிம்பிக் கமிட்டியே 2014-இல் இதைப் பற்றி எச்சரித்து அறிக்கை வெளியிட்டது. ஆகவே ஆட விட்டால் மட்டும் போதாது. ஆடிவிட்டு வரும் பிள்ளைக்கு அவள் அண்ணனுக்குப் போடும் அளவு தட்டில் விழ வேண்டும். முட்டை ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது பையனுக்கு என்ற பழைய வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. பள்ளிக்கூடங்களில் பி.டி. பீரியடை யாரும் தொடக்கூடாது. அதில் பெண் பிள்ளைகளை ஓரமாக மரத்தடியில் உட்கார வைக்கக்கூடாது. பூங்காக்களில் வைக்கும் உடற்பயிற்சிக் கருவிகளில் பாதிக்கு மேல் காலையும் இடுப்பையும் ஊஞ்சல் மாதிரி ஆட்டுபவை. அவற்றோடு எடை தூக்க நாலு சாமான்கள் வைத்து, வாரத்தில் இரண்டு நாள் சொல்லிக்கொடுக்க ஒருவரைப் போடலாம். மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் வயதான பெண்களுக்கென்று காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். டாக்டர்கள் "வாக்கிங் போகவும்" என்பதற்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம்: எதை, எத்தனை முறை தூக்க வேண்டும் என்று.

நம் வீட்டில் நாம் செய்யக் கூடியதற்கு எந்த உத்தரவும் வர வேண்டியதில்லை. இந்தப் பௌர்ணமிக்கும் மலை சுற்றுங்கள். நானும் முடிந்தவரை சுற்றுவேன். மறுநாள் காலையில் பேத்தி வாசலில் கட்டம் போட்டுக் குதித்தால், சத்தம் போடாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் தன் எழுபதாவது வயதுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறாள்.